இரண்டு புள்ளி ஒன்று

மால்மோவில் டிசம்பர் வெயில்
மூன்றரைக்கே கடையைக் கட்டிவிடும்.
அதன்பின் நாலாம் மாடியில்
திரை வெளிச்சத்தில் உட்கார்ந்து
எண்களுக்கு உரம் வைப்பேன்.

முதல் லெவலில் உன் துப்பாக்கி
பன்னிரண்டு காயம் செய்யும்.
எதிரிக்கு முப்பத்தாறு உயிர்.
மூன்று தோட்டா.

அறுபதாம் லெவலில் உன் துப்பாக்கி
நாற்பதாயிரம் செய்யும்.
எதிரிக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம்.
மூன்று தோட்டா.

இடையில் போனது
உன்னுடைய இருநூறு மணி நேரம்.
விரலுக்கேத்த வீக்கம் என்பார்கள்.
இங்கே வீங்கவைப்பதும் நான்தான்,
அதற்குத் தோதாக
விரலை வளர்த்துக் கொடுப்பதும் நான்தான்.

ஏமாற்று என்று மட்டும் சொல்லாதே.
அடிபட்டவன் தலைக்கு மேல்
எண் மஞ்சளாய்த் துள்ளும் நொடி பொய்யில்லை.
கணக்குப் போட்ட நானே
நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறேன்.

வெள்ளை கிடந்தால் யாரும் குனிவதில்லை.
பச்சைக்குக் குனிவார்கள்,
ஊதாவுக்கு ஓடுவார்கள்,
தரையிலிருந்து பொன்னொளி தூணாய் எழுந்தால்
ஹெட்செட்டில் நாலு பேரும்
பேச்சை நிறுத்திவிடுவார்கள்.
நூற்றுக்கு ஒன்றரை, அவ்வளவுதான் வாய்ப்பு.
நாற்பது முறை வெறுங்கையோடு போனவனுக்கு
நாற்பத்தோராம் முறை
சத்தமில்லாமல் கூட்டிவைப்போம்.
அதிர்ஷ்டம்! என்று அவன் கத்துவான்.
வரிசை எண்பத்தெட்டு, என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆல்வா கூப்பிட்டாள்:
"இந்த ஆள் பழுதா, நம் சர்வர் பழுதா?"
அறுபதாம் லெவல் ஆட்டக்காரர்.
கையில், ஏழாம் லெவலில் விழுந்த
ஒரு பச்சை ரிவால்வர்.
கிடைத்த பொன்னையெல்லாம் உடைத்து, உருக்கி,
அந்தப் பச்சைக்கே ஊற்றியிருக்கிறார்.
தூரம் குறைவு. குறி சுமார்.
உருளையில் ஆறே தோட்டா.
ரீலோட் இரண்டு புள்ளி ஒன்று விநாடி.
எங்கள் ஆட்டத்தில்
அதைவிடச் சோம்பேறி வேறில்லை.

எழுதிக் கேட்டோம்.
ஐஸ்லாந்தின் வடமேற்கு மூலை,
இசாஃப்யோர்துரிலிருந்து பதில் வந்தது.

"வலக்கையில் இரண்டு விரலை
மீன் சீவும் இயந்திரம் வாங்கிக்கொண்டது.
மோதிர விரலால் சுடுகிறேன்.
வேகத் துப்பாக்கிகளில் அழுத்திப் பிடித்தே
கை மரத்துவிடுகிறது.
இது ஆறு சுட்டுவிட்டு ஓய்கிறது.
அது ஓயும்போது நானும் ஓய்கிறேன்.
மற்றபடி நல்ல ஆட்டம்.
துறைமுகத்தில் மட்டும் மழை நேராக விழுகிறது.
எங்கள் ஊரில் ஒருநாளும் அப்படி விழுந்ததில்லை.
ஸ்டெயின்தோர்."

ஒரு துப்பாக்கிக்கு முப்பத்தொரு பத்தி
வைத்திருக்கிறேன்.
இதை எதில் எழுதுவது?
விரலைப் பற்றிப் பழமொழி பேசியவள் வேறு.

எழுதவில்லை. அதனால் மறந்தேன்.

மார்ச் மாத மாற்றத்தில்
ரிவால்வர்கள் மந்தம் என்று ஊரே புலம்ப,
ஒரு கட்டத்தின் மூலையைப் பிடித்துக்
கீழே இழுத்தேன்.
எல்லாம் ஒன்று புள்ளி நான்கு ஆயின.
நன்றி, நன்றி என்று வந்து குவிந்தது.
ஆல்வா கேக் வாங்கி வந்தாள்.

பதிவேட்டில் ஒரு வரி:
ஸ்டெயின்தோர் பெட்டகத்தைத் திறந்து
ஐம்பத்திரண்டு நிமிடம் இருந்தார்.
ஒவ்வொன்றாய் எடுத்தார்.
சுவரில் ஆறு சுட்டார். ரீலோட். திரும்ப வைத்தார்.
எடுத்தார். சுட்டார். வைத்தார்.
பிறகு விளக்கணைந்ததுபோல் வெளியேறினார்.
புகார் ஒன்றும் வரவில்லை.
ஒன்பது நாளாக
ஆளும் வரவில்லை.

பத்தாம் நாள் நான் ஒருத்தியாய் உட்கார்ந்து
வரிசை நானூற்றுப் பன்னிரண்டைத் திறந்து
பழைய எண்ணைப் போட்டேன்.
"ஒன்றை மட்டும் ஏன் கெடுக்கிறாய்?" என்றாள் ஆல்வா.
கடிதத்தைக் காட்டினேன்.
அறிவிப்பில் அவளே தட்டினாள்:
சில சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன.

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு
துறைமுகத்து மழையைப்
பதினோரு பாகை சாய்த்தேன்.
அதற்கு யாரிடமும் கேட்கவில்லை.